ரெகுலேட்டருக்குக் கூலி

என் அக்காவைக் கட்டியவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத எனக்கு இத்தனை நாள் மனசு வரவில்லை. இப்போதும் முழு மனசோடு எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. ஆனால் அவரைப் பற்றி ஊர் பேசுவதில் பாதி நான் கிளப்பிவிட்டது. அது தப்பு என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை.

அத்தானுக்கு ஒரு கடை. கடை என்றால் ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே வந்தாக வேண்டும், அவ்வளவுதான் அகலம். மேலே மாடியில் வீடு. கடையின் மூன்று சுவரிலும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் கடுகு போலவும் மிளகு போலவும் ஏதேதோ சாமான். ஒரு மேசை, மேசை மேல் சால்டரிங் கம்பி, தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு. எதிர்ப்பக்கம் இரும்புப் பட்டறை. பட்டறைக்காரன் காலையில் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் இழுத்து மூடும்வரை கம்பியை அறுப்பான், தட்டுவான், தகரத்தை இழுப்பான். அந்தத் தெருவில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அத்தான் மட்டும் கத்த மாட்டார். வந்தவர்கள்தான் குனிந்து அவர் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோக வேண்டும்.

முன்னால் அவர் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அது மூடிய பிறகு, கையில் இருந்த ஒரே வித்தையை வைத்துக் கடை போட்டார். ரிப்பேர் கடை தெருவுக்குத் தெரு இருந்தது. அதனால் இவர் வேறு வழி பிடித்தார். சொந்தமாக ஏதாவது சின்னச் சின்னக் கருவி செய்து பார்க்கிறவர்கள் இருப்பார்கள் இல்லையா, தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம், செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று சொல்லும் குச்சி, தானாக ஓடும் பொம்மை வண்டி, அந்த மாதிரி ஆட்களுக்கு இவர் கடைதான் கதி. எல்லோருக்கும் சர்க்யூட் எங்கேயாவது கிடைத்துவிடும். எந்த பேட்டரி போடுவது, அதற்கு எந்த ரெகுலேட்டர் போடுவது என்பதில்தான் எல்லோரும் மூக்குடைபடுவார்கள். அங்கேதான் அத்தான்.

வந்தவரிடம் கேள்வி கேட்டுத் தலையைத் தின்றுவிடுவார். "எவ்வளவு நாள் ஓடணும்? ஒரே மூச்சுல எவ்வளவு குடிக்கும்? செல் தீர்ந்தா மாத்தப் போறது யாரு?" இந்த மூன்றாவது கேள்வியை வேறு எந்தக் கடையிலும் நான் கேட்டதில்லை.

ஒருமுறை நாடகக்காரர் ஒருவர் வந்தார். ராஜா வேஷத்துக்கு மின்னுகிற கிரீடம் செய்திருந்தார். சதுரமாக, மேலே இரண்டு பொத்தான் வைத்திருக்குமே, அந்த ஒன்பது வோல்ட் பேட்டரியை உள்ளே வைத்திருந்தார். "ராஜா சாகறது மூணாவது காட்சியில சார். கிரீடம் ரெண்டாவதுலயே செத்துப்போச்சு" என்றார் பாவமாக.

அத்தான் சிரிக்கவில்லை. "அதுக்கு வாய்தாங்க ஒன்பது, வயிறு ரொம்பச் சின்னது. புகை அலாரத்துல வெச்சா வருஷக்கணக்கா இருக்கும், அங்க அதுக்கு வேலையே இல்ல. உங்க கிரீடத்துல அம்பது பல்பு உறிஞ்சுது. பென்சில் செல்லு வரிசையா வெச்சு இடுப்புல கட்டிக்கச் சொல்லுங்க."

"ராஜா இடுப்புல பேட்டரியா?"

"தலையில இருட்டா இருக்கறதுக்கு இடுப்பு கனமா இருந்தா பரவாயில்ல."

அன்றிலிருந்து எனக்கும் ஒன்பது வோல்ட் என்று பெயர் வைத்துவிட்டார். எனக்கு வாய் பெரிது, ஒரு மூட்டை தூக்கினால் உட்கார்ந்துவிடுவேன் என்பதற்காக. நான் சாமான் வண்டி ஓட்டுகிறவன், மூட்டை தூக்குவது என் வேலையே இல்லை. இதைச் சொன்னால் அக்கா அடுப்படியிலிருந்தே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ரெகுலேட்டர் என்ற சாமானைப் பற்றி எனக்குப் புரியும்படி ஒருநாள் சொன்னார். பேட்டரி ஒரே மாதிரி கொடுக்காது, புதிதில் அதிகமாகக் கொடுக்கும், போகப் போகக் குறையும். கருவிக்கோ ஒரே அளவாக வேண்டும். நடுவில் நின்று அளந்து விடுவதுதான் ரெகுலேட்டர். "ஆனா சும்மா நிக்க மாட்டான் மச்சான். கூலி கேப்பான். மூணு காலு வெச்ச அந்தப் பழைய கறுப்பு ரெகுலேட்டரு ரெண்டு வோல்ட் கூலி எடுத்துக்குவான். அஞ்சு வோல்ட் வேணும்னா நாம ஏழு கொடுத்தாகணும். புதுசா வர்ற சின்னவன் கால் வோல்ட்டுக்கு நிப்பான். கூலி போக மிச்சம் எவ்வளவுன்னு கணக்குப் பண்ணாம எவன் செல்லு போட்டாலும், ஒருநாள் நடுத்தெருவுல நிப்பான்."

இந்தக் கணக்கை அவர் யாருக்கும் போடாமல் விட்டதில்லை. வாசலில் நின்று வழி கேட்கிறவனுக்குக்கூடப் போட்டுக் காட்டுவார் போலிருக்கும்.

அக்காவும் அவரும் எப்படி என்று கேட்டால், சண்டை போடாத தம்பதி இல்லை. அக்கா போடுவாள், அவர் கேட்பார். அவள் பேச்சு படபடவென்று இருக்கும். சாப்பிட வரச் சொல்லி மாடிப்படியில் நின்று அவள் கூப்பிட்டால் பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். "இதோ வந்துட்டேன்" என்பார், ஒரு கால் மணி கழித்துத்தான் வருவார். கையில் பிடித்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். அது ஒன்றுதான் அவர்மேல் அக்காவுக்கு நிஜமான கோபம்.

அப்படிப்பட்ட குரல் ஒரு காலையில் போய்விட்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கை, வலது கால், வாய் மூன்றும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து மாடியில் ஜன்னலோரம் கட்டிலில் கிடத்தினோம். எல்லாம் புரியும் அவளுக்கு. சொல்லத்தான் வராது. தொண்டையில் ஒரு முனகல், அவ்வளவுதான்.

அத்தான் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து, ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் தட்டச் சொன்னார். இடது கையால் தட்டுவாள். எதிரே இரும்பை இரும்பால் அடித்துக்கொண்டிருக்கும்போது டம்ளர் சத்தம் யார் காதில் விழும்? ஒருநாள் ஈரத்துணியோடு வெகுநேரம் கிடந்திருக்கிறாள். அவர் மேலே போனபோது டம்ளரைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள். நெற்றியில் வீங்கிய இடத்தைத் தடவிக்கொண்டே அத்தான் என்னிடம் சொன்னார், "நல்லா வேணும் எனக்கு. ஊருக்கெல்லாம் மணி செஞ்சு கொடுக்கறேன்."

அன்றே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி. பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று. அமுக்கினால் கம்பியில்லாமல் கீழே கடை மேசையில் மணி அடிக்கும். உள்ளே மூன்று பென்சில் செல், கால் வோல்ட் கூலிக்கு நிற்கிற சின்ன ரெகுலேட்டர். கணக்கை எனக்கும் போட்டுக் காட்டினார். செல் ஒன்றுக்கு ஒன்றரை, மூன்றுக்கு நாலரை. மணிக்குச் சேதி அனுப்பும் சாமானுக்கு மூன்று புள்ளி மூன்று வேண்டும். கூலி போனாலும் தாராளமாக மிஞ்சும்.

பெட்டியின் மேல் ஒரு பச்சை விளக்கும் வைத்தார். பொத்தானை அமுக்கினால் எரியும். அக்காவின் கையில் பெட்டியை வைத்து, விரலைப் பிடித்து அமுக்கிக் காட்டினார். கீழே மணி அடித்தது. "பச்சை எரியுது பாரு. எரிஞ்சா எனக்குக் கேட்டிருச்சுன்னு அர்த்தம். படியேறிட்டே இருக்கேன்னு அர்த்தம்."

அக்கா அன்றைக்கு அதை விடவே இல்லை. அமுக்குவாள், இவர் ஓடுவார். போனால் ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டுவாள், கோணிய வாயால் சிரிப்பாள். மறுபடி அமுக்குவாள். இவர் மூச்சு வாங்க ஏறுவார். "கல்யாணம் ஆனதுலேருந்து இவ கூப்பிட்ட உடனே நான் போனது இப்பதான் மச்சான்" என்றார். நிஜம்தான். அதன் பிறகு மணி அடித்தால் கையில் பழுக்கக் காய்ந்த கம்பி இருந்தாலும் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பின்னால் அப்படிப் பேசினேன்.

அக்காவுக்கு ஒரு பயம் மட்டும் இருந்தது, செல் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று. பெட்டியைத் தூக்கிக் காட்டி, கண்ணை விரித்து, புருவத்தால் கேட்பாள். அவர் "இருக்கு இருக்கு" என்பார். மறுநாளும் கேட்பாள். போன வாரம் மாற்றியதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் காட்டுவார். அவர் கடைக்கு இறங்கும் முன்னால் மறுபடி புருவம் ஏறும். அவளுக்கு அந்தப் பெட்டிதான் வாய். இருந்த ஒரு வாயும் போய்விடுமோ என்ற பயம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அதற்காக அத்தான் சார்ஜ் ஏற்றுகிற செல் வாங்கிப் போட்டார். அதே நீளம், அதே பருமன், அதே பென்சில் செல். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, நாள் முழுக்க மாடியில் அவள் பக்கத்தில்தான் இருப்பார், பெட்டிக்கு வேலை இல்லை. அன்றைக்குக் கழற்றி அவள் கண்ணெதிரே சார்ஜில் போடுவார். சாயங்காலம் திரும்பப் பெட்டியில் வைத்து அமுக்கிப் பார்ப்பார், கீழே மணி கணீரென்று அடிக்கும். "இனிமே தீரவே தீராது. அட்சய பாத்திரம்" என்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். புருவத்தால் கேட்பது அத்தோடு நின்றது. மாதங்கள் ஓடின.

அது ஒரு சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு மேலே போனவர், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் விழுந்து கிடப்பதைப் பார்த்தார். எனக்குப் போன் வந்தது, "மச்சான் வா" என்று மட்டும். நான் வண்டியை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு ஓடினேன். கழுத்து மடங்கி, முகம் மெத்தையின் ஓரத்தில் அழுந்திக் கிடந்தாள். உடம்பு இன்னும் சூடு ஆறவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே யாராவது தூக்கி நிமிர்த்தியிருந்தால் மூச்சு நின்றிருக்காது என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது மண்டையில் ஆணி அடித்தது போல இறங்கியது.

அவள் இடது கையில் பெட்டி இருந்தது. கட்டை விரல் பொத்தானை அமுக்கியபடியே இறுகியிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் அந்த விளக்கைப் பார்த்தேன். காலையெல்லாம் கீழே கடையில் இருந்த இவரை நினைத்தேன். "இதோ வந்துட்டேன்" நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. அவரைச் சட்டையைப் பிடித்துப் படியில் இறக்கித் தெருவில் நிறுத்தினேன். பட்டறைக்காரன் வேலையை நிறுத்திவிட்டான். அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரை 'நீ' என்றேன்.

"அவ அமுக்கிட்டே இருந்திருக்கா. விளக்கு எரியுது. மணி அடிச்சிருக்கு. கேட்டும் நீ போகல. ஒரு கம்பிய ஒட்டிட்டுப் போலாம்னு இருந்துட்ட. அப்படித்தானே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மணி அடிக்கல மச்சான்" என்றார் மெதுவாக.

"பச்சை எரியுதே! நீதானே சொன்ன?"

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பதில் சொல்லாததையே ஊர் பதிலாக எடுத்துக்கொண்டது. எங்கள் அம்மா அவர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கதையை நானே சொன்னேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்து.

பிறகு ஒருநாள் அம்மா, மகளுடைய புடவைகள் வேண்டும் என்று அழுதாள். எடுத்துவர நான்தான் போக வேண்டியிருந்தது. காலை வெயிலில் கடை திறந்திருந்தது. அத்தான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது, கை மட்டும் யாருக்கோ எதையோ ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சாவியைக் கேட்டேன். எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அந்த வெள்ளைப் பெட்டி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "அத இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றேன். 'நீங்க' தானாகத் திரும்பி வந்திருந்தது. "எடுங்க. என் கண்ணெதிர அமுக்குங்க. மணி அடிக்குதா இல்லியா, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

"வேணாம் மச்சான்."

"பயமா?"

"ஆமா" என்றார். "அன்னைக்கு எடுத்து வெச்சது. திறந்து பாக்கல. பாக்க தைரியம் வரல."

நானே எடுத்து அமுக்கினேன். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. மேசை மேலிருந்த மணி, என் கைக்கு ஒரு முழம் தூரத்தில், சத்தமே இல்லாமல் இருந்தது. விட்டுவிட்டு மறுபடி அமுக்கினேன். பச்சை எரிந்தது. மணி வாயைத் திறக்கவில்லை. விரல் வலிக்கும்வரை அமுக்கினேன்.

அத்தான் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார். பின்மூடியைக் கழற்றி வோல்ட் அளக்கும் மீட்டரின் இரண்டு ஊசியையும் செல்களின் முனையில் வைத்தார். மூன்று புள்ளி ஆறு என்று காட்டியது. "பொத்தான அமுக்கு" என்றார். அமுக்கினேன். எண் சரசரவென்று இறங்கி மூன்று புள்ளி இரண்டில் நின்றது.

அவர் கணக்குப் போட ஆரம்பித்தார், வாடிக்கைக்காரனுக்குப் போடுகிற அதே குரலில். "சாதா செல்லு ஒண்ணரை. சார்ஜ் செல்லு ஒண்ணே கால்கூட இல்ல. உருவம் ஒண்ணு, உள்ள இருக்கறது வேற. மூணு போட்டா மூணு புள்ளி ஆறு. ஞாயித்துக்கிழமை சார்ஜ்ல இருந்து எடுத்ததும் கொஞ்சம் தூக்கலா இருக்கும், அப்பதான் நான் டெஸ்ட் பண்ணேன், அடிச்சுது. செல்லு பழசாகப் பழசாக, அமுக்கினா இன்னும் இறங்கும். இதுல ரெகுலேட்டர் கூலி கால் வோல்ட் போகும். மூணுகூட மிஞ்சாது. மூணு புள்ளி மூணு வேணுங்கற சாமான் மூணு புள்ளி ஒண்ணு வரைக்கும் சமாளிக்கும், அதுக்குக் கீழ போனா மணிக்குச் சேதி போகாது. வார ஆரம்பத்துல போகும். வாரக் கடைசில போகாது."

"விளக்கு எரியுதே அத்தான்."

"விளக்குக்கு என்ன, ரெண்டு வோல்ட் இருந்தா போதும். நான் அத பொத்தானோட சேத்து வெச்சேன். மணி அடிச்சாத்தான் எரியணும்னு வெச்சிருக்கணும். பொத்தான அமுக்கினா எரியற மாதிரி வெச்சேன்." மீட்டர் ஊசிகளை மேசையில் வைத்தார். "எல்லாருக்கும் போட்ட கணக்கு. அவளுக்குப் போடல. அவ பயப்படக் கூடாதுன்னு அவசரத்துல மாத்தினேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதிதான். அவர் கேட்டும் சும்மா இருந்தவர் இல்லை. மணி அடிக்கவே இல்லை. நான் அவர் தோளைப் பிடித்தேன். "அப்போ உங்களுக்குக் கேக்கவே இல்ல. அத்தான், நான் பேசினது எல்லாம் தப்பு. அம்மாகிட்ட நானே சொல்றேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்றேன். உங்களுக்குக் கேக்கல, அவ்வளவுதான். வேணும்னு விட்டுட்டு இருக்கல நீங்க."

எதிரே பட்டறையில் தகரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொண்டுபோனேன்.

"கடைசியா நாலஞ்சு வாரமா, வெள்ளி சனி ஆனா என் மேல கோவமா இருப்பா. சோறு ஊட்டினா வாயத் திறக்க மாட்டா. மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்குவா. ஏன்டியம்மா, நான் என்ன பண்ணேன்னு கேப்பேன். கண்ணுல தண்ணி வரும், அவ்வளவுதான். உடம்பு முடியாதவங்களுக்கு அப்படி வரும்னு நெனச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை சரியாயிடும்."

அந்த வெள்ளி சனிகளிலும் அவள் அமுக்கியபோது பச்சை எரிந்திருக்கும் என்பது எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

"எனக்குக் கேக்கலன்னு இப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். "நாளைக்கு அம்மாவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதேடா."